பூட்டிய ஊஞ்சலுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

வடமேற்கு லண்டனில் ஹரோ என்னும் திருநகரில் குடியிருக்கும் பேறு பெற்றவர்களில் அடியேனும் ஒருவன். தமிழ்க் கடை, தமிழ்ப் பள்ளி, தமிழ் வைத்தியர், தமிழ் வழக்கறிஞர் என்று எதற்கும் பஞ்சமில்லாத இந்நகருக்கு இன்றுவரை ஒரு மெய்க்கீர்த்தி இல்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. சோழ மன்னர்களுக்குக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இங்கே கல் நடுவதென்றால் முதலில் திட்ட அனுமதி வாங்க வேண்டும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். நடக்க முடியாத, பார்வை குன்றிய, பேச்சு வராத, இரைச்சல் தாங்காத பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட வேண்டும் என்று இந்நாட்டுப் பெருந்தகையாளர்கள் செய்தருளியிருக்கும் ஏற்பாடுகளே இங்கு பாடுபொருள்.

முதலில் மலையை வணங்குவோம். 1572இல் ஜான் லயன் என்னும் நிலக்கிழார், முதலாம் எலிசபெத் அரசியாரின் சாசனம் பெற்று, ஹரோ மலைமேல் ஒரு பள்ளியை நிறுவினார். சர்ச்சில் பயின்ற பள்ளி. நேரு பயின்ற பள்ளி. அங்கே புல்வெளிகள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றன; ஒன்பது குழி கொண்ட கோல்ஃப் திடல் ஒன்றும் இருக்கிறது; வேறெங்கும் ஆடப்படாத தனி வகைக் கால்பந்தாட்டமே அந்தப் பள்ளிக்கென்று உண்டு. ஆக, வளரும் பிள்ளைக்கு விளையாட்டு எத்தனை இன்றியமையாதது என்பதை இவ்வூர் நாலரை நூற்றாண்டாக நன்கறியும். அந்த அறிவு மலையிலிருந்து இறங்கி அடிவாரத்துக்கு வருவதற்குள் சற்றே களைத்துப்போகிறது என்றால் அதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. மலை செங்குத்தானது.

இனி ஊஞ்சலுக்கு வருவோம். ஹரோவாசிகள் வார இறுதியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் பூங்கா ஒன்று. ஊரைச் சொல்லமாட்டேன், சொன்னால், அதே சிறப்பு எங்களிடமும் உண்டே என்று இங்கிலாந்தின் மற்றப் பூங்காக்கள் மனம் வருந்தும். அதன் ஓர் ஓரத்தில், சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறி அமர்ந்து ஆடத்தக்க ஊஞ்சல் ஒன்று எழுந்தருளியிருக்கிறது. எஃகுத் தளம், சாய்வுப் பலகை, சங்கிலிப் பூட்டு, பாதுகாப்புக் கம்பி என்று சகல இலட்சணங்களும் பொருந்தியது. அதைச் சுற்றி ஆளுயரக் கிராதி. கிராதியில் ஒரு கதவு. கதவில் ஒரு பூட்டு.

அந்தப் பூட்டின் மாண்பை எப்படிச் சொல்வேன்! மற்ற ஊஞ்சல்களில் கண்ட கண்ட பிள்ளைகள் ஏறுகிறார்கள், சங்கிலி தேய்கிறது, இருக்கையில் யாரோ பெயர் கிறுக்குகிறார்கள். இந்த ஊஞ்சலிலோ ஒரு கீறல் கிடையாது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, நெய் பூசி மயிற்பீலி சூட்டி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள் என்று ஔவைப் பிராட்டியார் அன்று ஏன் வியந்தார் என்பது இந்தக் கிராதிமுன் நின்றபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஔவையை அங்கே தூதனுப்பிய அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தனவாம். ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

பூட்டுக்குத் திறவுகோல் இல்லை என்று எவரும் அவதூறு சொல்லக்கூடாது. இருக்கிறது. 1981இல் இந்நாட்டில் தேசியத் திறவுகோல் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். பொதுவிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைகளைத் திறக்க நாடு முழுவதற்கும் ஒரே சாவி. ‘ரேடார் சாவி’ என்று மக்கள் சொல்வது அதைத்தான். சில பவுண்கள் கொடுத்தால் யாரும் வாங்கலாம். பூட்டு மாட்டிய ஊஞ்சல்களிலும் பெரும்பாலும் அதே சாவிதான் நுழைகிறது. கழிப்பறைக்கும் விளையாட்டுக்கும் ஒரே சாவி என்னும் இந்தச் சிக்கனத்தை வேறு எந்த நாகரிகம் கண்டுபிடித்தது? தனித்தனிச் சாவி செய்திருந்தால் எவ்வளவு இரும்பு வீண்! பிள்ளைக்கும் பிறந்த நாள் முதலாகவே ஒரு பாடம் மனத்தில் ஊறுகிறது: தன் இன்பமும் தன் இயற்கை உபாதையும் இந்த அரசின் கண்ணில் ஒரே இலாகாவைச் சேர்ந்தவை.

பூட்டு ஏன் என்று கேட்பவர்களுக்கும் விடை ஆயத்தமாக இருக்கிறது. அந்தத் தளம் கனமானது. மற்றப் பிள்ளைகள் ஏறி ஆட்டினால் மோதிக் காயம் படும். ஆகையால் மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, சக்கர நாற்காலிப் பிள்ளை கிராதிக்குள்ளே தனியாக ஆடும். வெளியே தம்பியும் தங்கையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். கூடி விளையாடுதல் என்னும் இலட்சியத்தை இதைவிடச் செம்மையாகக் கட்டடக் கலையில் வடிக்க முடியுமா என்று தெரியவில்லை. மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட் எடுக்கும் செலவும் மிச்சம்.

ஊஞ்சல்வரை போய்ச் சேர்வது வேறு கதை. பூங்கா வாசலில், மோட்டார் சைக்கிள்கள் நுழையாதிருக்க இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் சாய்த்தால் நுழைத்துவிடலாம்; சக்கர நாற்காலியைச் சாய்க்க முடியாது. அதைத் தாண்டினால் தரை. மரப்பட்டைத் துண்டுகளைக் கொட்டிப் பரப்பிய தரை, ஓடுகிற பிள்ளை விழுந்தால் தாங்கும், விலையும் மலிவு. சக்கரம் அதில் இரண்டடி உருண்டதும் அச்சுவரை புதைந்து நிற்கும். ரப்பர்த் துகள்களைக் குழைத்து வார்த்த சமதரை போட்டிருந்தால் சக்கரம் தடையின்றி உருண்டு, எந்தப் பிள்ளை எங்கே போகும் என்றே சொல்ல முடியாதபடி குழப்பம் விளைந்திருக்கும். பட்டைத் துண்டு அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. புதைந்த இடத்திலிருந்து தாயார் நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பும்போது, அவருடைய தோள்களுக்கு இலவசமாக உடற்பயிற்சி. இந்நாட்டுச் சுகாதார சேவையின் சுமையைக் குறைக்கும் திட்டங்களில் இது எந்தப் பட்டியலிலும் ஏறாமல் இருப்பது அநீதி.

ஆட்டிசப் பிள்ளைகளையும் மறந்துவிடவில்லை. சட்டென்று வீதிக்கு ஓடிவிடும் பிள்ளைக்குத் திடலைச் சுற்றிப் பாதுகாப்பான வேலி வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேலி இருக்கிறதே! ஊஞ்சலைச் சுற்றி. பிள்ளையைச் சுற்றித்தான் இல்லை. பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டிப் பேசும் பலகை கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக நாய்களை அழைத்து வராதீர் என்னும் பலகை, படத்தோடு, எல்லா வாசலிலும் மிகத் தெளிவாக இருக்கிறது. எல்லார்க்குமான விளையாட்டிடம் என்று வண்ண எழுத்தில் ஒரு பெயர்ப்பலகையும் உண்டு. திறப்பு விழாப் புகைப்படங்களில் விழுவதற்கு வசதியான உயரத்தில் நட்டிருக்கிறார்கள்.

ஸ்கோப் என்னும் மாற்றுத்திறனாளர் அறநிறுவனம் 2022இல் பெற்றோரைக் கேட்டுப் பார்த்ததில், மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்களில் பாதி தம் ஊர் விளையாட்டுத் திடலில் அணுகல் சிக்கலைச் சந்திப்பதாகச் சொன்னார்கள். பாதி! மறு பாதிக்குச் சிக்கலே இல்லை என்று உற்சாகமாகப் படிக்க வேண்டிய எண்ணை, அந்த நிறுவனத்தார் எப்படியோ துக்கச் செய்தியாகப் படித்துவிட்டார்கள். படித்ததோடு நிற்காமல், இங்கிலாந்து முழுவதற்குமாக 37 மில்லியன் பவுண் நிதியம் ஒன்று அமைக்க வேண்டும் என்று அரசிடம் கேட்டார்கள். பேராசை. கோவிட் காலத்துப் பரிசோதனை, தொடர்பறிதல் திட்டத்துக்கு இரண்டாண்டுக்கு ஒதுக்கிய தொகையும் 37தான். ஆனால் அது பில்லியன். ஒரே எண்ணுக்குப் பின்னால் வரும் சொல்லை மட்டும் மாற்றி, ஆயிரத்தில் ஒரு பங்கைக் கேட்கத் துணிந்தவர்களின் கணக்கறிவை என்னவென்பது!

அரசு இவ்விஷயத்தில் முன்பொருமுறை வழுக்கி விழுந்ததுண்டு என்பதை வரலாற்று நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். 2008இல், அப்போதிருந்த தொழிற்கட்சி அரசு, விளையாட்டுக்கென்று தேசியத் திட்டமே வகுத்து 235 மில்லியன் பவுண் ஒதுக்கி, 3,500 வரையான திடல்களைப் புதுப்பிக்கவும் 30 சாகச விளையாட்டுத் திடல்கள் கட்டவும் கிளம்பியது. இந்த விபரீதம் வளர்ந்து பெருகுமுன் 2010இல் வந்த கூட்டணி அரசு அதைத் தடுத்தாட்கொண்டது. சிக்கனம் என்னும் வேள்வி தொடங்கியது. வேள்விக்கு அவி வேண்டும். வங்கிகளை இட முடியாது. அவை பெரியவை, நெருப்பு அணைந்துவிடும். ஊஞ்சல் சிறியது, காய்ந்த மரம். விளையாட்டுக் கருவி செய்வோரின் கூட்டமைப்பு 2017இல் உள்ளாட்சிகளிடம் கேட்டுத் திரட்டிய கணக்கு இது: 2014 முதல் இரண்டு நிதியாண்டுகளில் இங்கிலாந்தில் மூடிய திடல்கள் 214, மேலும் மூடத் திட்டமிட்டவை 234. இதிலுள்ள சமத்துவத்தை எவரும் இதுவரை பாராட்டவில்லை. மூடிய திடலில் நடக்கும் பிள்ளையும் விளையாட முடியாது, நடக்காத பிள்ளையும் விளையாட முடியாது. எல்லாத் திறன்களும் கொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நீதி. சமவாய்ப்பு என்று இயக்கங்கள் பல்லாண்டு கத்திக் கேட்டதை ஒரு பூட்டுச் சங்கிலி ஓசையின்றி நிறைவேற்றியது.

அதன்பின் வந்தவர்களும் கொடை மறந்தவர்கள் அல்லர். 2022இல் பூங்காக்களை உயர்த்த 9 மில்லியன். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டாண்டுகளில் 200 திடல்கள்வரை சீராக்க 18 மில்லியன். ஒரு திடலுக்குச் சராசரி 90,000 பவுண் வருகிறது. ஆயிரக்கணக்கான திடல்கள் உள்ள நாட்டில் இருநூறு என்றால், கிடைத்த ஊருக்கு அது இலொத்தர் விழுந்த மாதிரி. கிடைக்காத ஊர்ப் பிள்ளைகளுக்கோ வாழ்க்கை நிலையாமையைப் பற்றிய தத்துவ விசாரம் இளமையிலேயே கைகூடுகிறது.

மத்திய கருவூலம் இப்படி அளந்தளந்து வார்ப்பதால் உள்ளூரில் ஒரு நுண்கலை வளர்ந்திருக்கிறது. நிதி திரட்டும் கலை. ஹரோவுக்கு இதில் தனி உரிமை உண்டு. ஹரோவைச் சேர்ந்த பின்னர் (Pinner) என்னும் ஊரின் நினைவுப் பூங்காவுக்குள், ஹீத் ராபின்சன் என்னும் ஓவியருக்காக 2016இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஓவியர் 1908 முதல் பத்தாண்டுக் காலம் பின்னரில் வாழ்ந்தவர். முட்டையோட்டை உடைப்பது போன்ற அற்ப வேலைக்கு, முடிச்சுப் போட்ட கயிறும் கப்பியும் நெம்புகோலுமாகப் பென்னம்பெரிய யந்திரங்களை வரைந்து, அவற்றை இயக்கக் கண்ணாடி போட்ட வழுக்கைத் தலையர்களை மிகக் கம்பீரமாக உட்காரவைப்பார். மக்கள் அவற்றை நகைச்சுவைப் படங்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வெளியே வருகிறார்கள். அவை திட்ட வரைபடங்கள். ஒரு பிள்ளையை ஊஞ்சலில் ஏற்ற இன்று இந்நாட்டில் இயங்கும் பொறியைக் கண்டால் அது தெரியும்.

பொறி இவ்வாறு இயங்குகிறது. ஹரோவின் வீல்ட்ஸ்டோன் பகுதியிலும் நகர் மையத்திலும் அடுக்குமாடிகள் எழுகின்றன. கட்டுபவர் சதுர மீட்டர்க் கணக்கில் ஒரு தீர்வை கட்ட வேண்டும்; ஹரோ 2013இலிருந்து இதை வசூலிக்கிறது. அதில் 15 சதவீதம் கட்டடம் எழுந்த அக்கம்பக்கத்துக்கென்று ஒதுங்கும். ஆகவே மாற்றுத்திறன் பிள்ளையைப் பெறத் திட்டமிடும் தம்பதியர், முன்கூட்டியே பாரந்தூக்கிகள் தெரியும் சன்னலுள்ள வீடாகப் பார்த்துக் குடிபோவது உத்தமம். பழைய இரட்டை வீடுகள் மட்டுமே உள்ள அமைதியான தெருவில் பிறந்துவிட்ட பிள்ளை, எதிரில் யாராவது பதினைந்து மாடி எழுப்பும்வரை பொறுத்திருக்கலாம். பிள்ளைக்கும் அதற்குள் வயது பதினைந்தாகிவிடும். ஊஞ்சல் ஆசையும் தானே தீர்ந்துவிடும்.

மாடி இல்லாவிட்டால் குப்பை. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1996இல் குப்பைமேட்டு வரியோடு பிறந்த நிதியம் ஒன்று இருக்கிறது. குப்பையைப் புதைக்கும் கம்பெனிகள் தம் வரியின் ஒரு பகுதியை ஊர்ப் பூங்காக்களுக்குக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். நிபந்தனை, பூங்கா குப்பைமேட்டின் அண்மையில் இருக்க வேண்டும். வழக்கமாகப் பத்து மைல். இந்த நாட்டில் குப்பை நாறும் இடத்தில் குழந்தைச் சிரிப்பு மணக்கும் என்று கண்ட அந்த அமைச்சர் பெருமானின் கவித்துவத்தை எண்ணி எண்ணிப் பலமுறை நெகிழ்ந்திருக்கிறேன். குப்பையும் இல்லையென்றால் தேசிய இலொத்தரின் அறநிதி. ஏழைகள் வாங்கும் சீட்டிலிருந்து ஏழைப் பிள்ளைக்கு ஊஞ்சல். பணம் வெளியே எங்கும் போய்விடாமல் ஒரே வீட்டுக்குள் சுற்றுகிறது.

இத்தனை கயிறுகளையும் இழுத்துப் பொறியை ஓட்டும் கண்ணாடிக்காரர் யார் என்று வாசகர் கேட்கலாம். அந்தப் பிள்ளையின் தாய். இரவு நான்கு தடவை எழும்பிப் பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, அவர் விண்ணப்பம் நிரப்புகிறார். ஈட்டு நிதி காட்டினீரா? மூன்று கம்பெனிகளிடம் விலைப்புள்ளி வாங்கினீரா? பயனாளிகளின் எண்ணிக்கை என்ன? ஒருவர் என்று எழுதினால் செலவுக்கு ஏற்ற பயன் இல்லை; நூறு என்று எழுதினால் ஆதாரம் இல்லை. உங்கள் பிள்ளையின் வாழ்வில் இந்த ஊஞ்சல் ஏற்படுத்தும் மாற்றத்தை இருநூற்றைம்பது சொற்களுக்குள் உருக்கமாக எழுதுக. உருக்கம் போதாவிட்டால் புகைப்படம் இணைக்கலாம். பிள்ளை சிரிக்கும் படமாக இருந்தால் நல்லது. ஆனால் தேவை தெரியாத அளவுக்குச் சிரிக்கக் கூடாது. எல்லாம் செய்தும் தொகை குறைந்தால், அந்தத் தாய் விளையாட்டுச் சப்பாத்து வாங்கி, நண்பர் உறவினரிடம் நன்கொடை வாக்குறுதி பெற்று, அரை மரதன் ஓடலாம். நடக்காத பிள்ளைக்காகத் தாய் பதின்மூன்று மைல் ஓடும் அந்தக் காட்சியைவிடக் கண்ணுக்கினிய பொதுநிதிக் கொள்கை உலகில் வேறில்லை. முடிவுக்கோட்டில் நகரப் பிரமுகர் ஒருவர் கைகுலுக்கி, உங்களைப் போன்ற அம்மாக்கள்தான் இந்தச் சமுதாயத்தின் தூண்கள் என்பார். கட்டடத்தைத் தூண்கள்தானே தாங்க வேண்டும்?

சட்டங்களையும் ஒரு வார்த்தை பாடிவிடுகிறேன். அவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. குழந்தையின் விளையாட்டு உரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புக்கு இந்நாடு 1991இல் இசைந்தது. மாற்றுத்திறன் பிள்ளைகள் மற்றவர்களோடு சமமாக விளையாட வேண்டும் என்று தனியாகவே எழுதிவைத்த மற்றோர் உடன்படிக்கைக்கு 2009இல் இசைந்தது. 2010இல் சமத்துவச் சட்டம் வந்தது. அதன் 149ஆம் பிரிவு, சமவாய்ப்பைக் குறித்து உள்ளாட்சிகள் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. கவனம் செலுத்தத்தான் சொல்கிறது; செலுத்துகிறார்கள். நான் அறிந்த எந்த ஊராட்சியும் பூட்டிய ஊஞ்சலைக் கவனிக்காமல் இருந்ததில்லை. விளையாட்டுக் கருவிகளுக்கான தரநிலை 1176 என்று ஓர் எண்ணில் வழங்குகிறது. விரல் சிக்காத இடைவெளி, தலை மாட்டாத சட்டம், விழும் உயரம் என்று அத்தனையையும் மில்லிமீட்டரில் அளந்து வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலிப் பிள்ளை உள்ளே வந்தே தீர வேண்டும் என்று மட்டும் அதில் கட்டாயம் இல்லை. வராத பிள்ளை விழாது. பாதுகாப்பின் உச்சம் அது.

இந்த நாகரிகம் எல்லார்க்கும் வாய்க்காது. அமெரிக்கர்கள் அவசரக்காரர்கள், 2012 மார்ச் முதல், புதிதாகக் கட்டும் விளையாட்டிடங்களுக்கு அணுகல் விதிகளைச் சட்டத்திலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். டெக்சாஸில் கோர்டன் ஹார்ட்மன் என்னும் வீடு கட்டும் வணிகர், தம் மகளோடு மற்றப் பிள்ளைகள் விளையாடத் தயங்கியதைக் கண்டு, 2010இல் ஒரு பூங்காவையே எழுப்பி, மாற்றுத்திறன் கொண்டோருக்கு நுழைவுக் கட்டணமே இல்லை என்று அறிவித்துவிட்டார். விண்ணப்பப் படிவம்கூட இல்லை என்றால் அது என்ன தருமம்! இங்கேயும் ஆலன் சீமாட்டி என்று ஒருவர் இருந்தார். அவர் முன்னின்ற சங்கம் 1970இலேயே செல்சியில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று சாகசத் திடல் திறந்துவிட்டது. மரமேறவும் நீரிறைக்கவும் சேற்றில் புரளவும் அந்தப் பிள்ளைகளை விட்டார்களாம். பொறுப்பற்ற காலம்.

நம் சென்னையும் முயன்று பார்த்தது. 2022 நவம்பர் இறுதியில், சக்கர நாற்காலியில் வருவோர் அலைவரை போய்க் கால் நனைக்க மெரினா மணலில் மரப்பாதை திறந்தார்கள். திறந்து இரண்டு வாரம் ஆகுமுன் மாண்டஸ் புயல் வந்து அதன் முனையைச் சிதைத்தது, பிறகு செப்பனிட்டார்கள். ஒரு வழியை அடைக்க அங்கே வங்காள விரிகுடாவே எழுந்து வர வேண்டியிருந்தது. இங்கே பன்னிரண்டு பவுண் பூட்டு ஒன்று அதை ஆண்டு முழுவதும், மழையிலும் வெயிலிலும், சம்பளம் வாங்காமல் செய்கிறது. வளர்ந்த நாடு என்று சும்மாவா சொல்கிறார்கள்?

ஆனால் அரசையும் கவுன்சிலையும் மட்டும் பாடிவிட்டு எம்மவரைப் பாடாமல் விட்டால் நன்றி கொன்றவன் ஆவேன். புலம்பெயர்ந்த மண்ணில் தருமம் தழைப்பது எம்மால்தான். சாமத்தியச் சடங்குக்கு ஹெலிகொப்டரில் வந்திறங்கிய பிள்ளைகளை இந்த லண்டன் கண்டிருக்கிறது. மண்டப வாடகை, மலரலங்காரம், மூன்று கமராக் குழு, பறக்கும் கமரா ஒன்று தனியாக. கோயில் தேர் செய்யத் தேக்கு கடல் கடந்து வருகிறது, சிற்பியும் வருகிறார். இவ்வளவு செய்த கைகள், ஒரு ரப்பர் தரைக்கும் நீளாமலா போகும்? நீளும். நிதி சேகரிப்பு இராப்போசனம் வைப்போம்.

அந்த இராப்போசனம் ஒரு காவியம். கொத்துரொட்டியும் கணவாய்ப் பொரியலும் பரிமாறி, தென்னிந்தியாவிலிருந்து பாடகரை வருவித்து, குத்துவிளக்கேற்ற ஒன்பது பேரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, போர்த்தியவருக்கும் பொன்னாடை போர்த்தி, நள்ளிரவு தாண்டிக் கணக்குப் பார்த்தால், பாடகரின் விமானச்சீட்டும் மண்டபச் செலவும் போக எஞ்சுவது பிள்ளைகளின் பெயரால் ஒரு பெரிய அட்டைக் காசோலையாகிறது. அட்டையின் நீளம் ஆறடி. தொகையைப் படிக்கக் கிட்டே போக வேண்டும். அந்த மண்டபத்துக்கு மேடையேறச் சாய்வுப் பாதை கிடையாதென்பதால், பயனாளியான பிள்ளையை நாலு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கி மேலேற்றினார்கள். சபையில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எம் குலப்பெண்டிரின் அன்பு இன்னும் மென்மையானது. கலியாண வீடுகளில் அந்தத் தாய் தனியே வந்து நின்றால், ஒரு மாமி கட்டாயம் அருகில் வந்து கையைப் பற்றுவார். “அவனை வீட்டில விட்டிட்டே வந்தனீங்கள்? நல்லது பிள்ளை. இந்தச் சத்தத்துக்குள்ள அவனுக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல்.” யாருக்கெல்லாம் கரைச்சல் இல்லை என்பதைச் சொல்லாமல் விடும் அந்தப் பண்பாட்டை எந்தப் பாடசாலையில் கற்றுத் தருவார்கள்? பூங்காவிலும் அப்படியே. நாற்காலிப் பிள்ளை வரும்போது எம் பிள்ளைகள் உற்றுப் பார்த்தால், அப்படிப் பார்க்கக் கூடாது என்று உடனே கையைப் பிடித்து அடுத்த மூலைக்கு அழைத்துப் போய்விடுகிறோம். “உன்ர பேர் என்ன எண்டு கேள்” என்று சொல்லிவைத்தால் அவர்கள் நண்பர்களாகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஊஞ்சலுக்குக் கவுன்சில் போட்ட வேலிக்குள் நாமும் எம் பங்குக்கு ஒரு வேலி போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதற்கு ஒரு சதம் மானியம் கேட்டதில்லை.

இவ்வாறாக எல்லாம் சிறப்புற நடந்துகொண்டிருக்கையில் அதைக் குலைக்க வாசகர்களில் சிலர் முனையக்கூடும் என்பதே அடியேனின் ஒரே அச்சம். அவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஹரோவில் 22 வட்டாரங்கள், 55 கவுன்சிலர்கள். ஒருவருக்கும் எழுதிவிடாதீர்கள். கட்டடத் தீர்வையாக எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவழியாமல் கிடக்கிறது என்பதை இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அறிக்கையாக வெளியிட்டாக வேண்டும். தயவுசெய்து அதைப் படிக்காதீர்கள். எங்கள் வட்டாரத்தில் எத்தனை திடல்கள் உள்ளன, அவற்றில் எத்தனையில் சக்கர நாற்காலி வாசலிலிருந்து கருவிவரை தரையில் புதையாமல் போகும், எத்தனை ஊஞ்சல்கள் பூட்டியிருக்கின்றன, அடுத்த புதுப்பிப்பு எந்த ஆண்டு என்று மட்டும் எந்தக் காரணம்கொண்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி 20 வேலைநாட்களுக்குள் அவர்கள் பதில் எழுத வேண்டிவரும்.